கள்ளக்கடல் வரும்போது வானம் தெளிவாகத்தான் இருக்கும்

ஏப்ரல், மே வந்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். குமரி மாவட்டக் கடற்கரையில் பிறந்து வளர்ந்தவன் நான். பள்ளி விடுமுறை, வேன் வேனாக ஆட்கள் வந்து இறங்குவார்கள், மழை கிடையாது, பெரிய காற்று கிடையாது, வானத்தில் ஒரு பொட்டு மேகம் இருக்காது. அந்த மாதிரி நாளில்தான் கள்ளக்கடல் வரும். எங்கோ தொலைதூரத்தில் அடித்த காற்று எழுப்பிய பெரிய அலைகள் சொல்லாமல் கொள்ளாமல் நம் கரையில் ஏறுவதைத்தான் அப்படிச் சொல்வார்கள்.

2024 மே 6 அன்று கணபதிபுரம் பக்கம் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை இழுத்துக்கொண்டு போனது. ஐந்து பேருமே இறந்துவிட்டார்கள். கடல் கொந்தளிக்கும் என்று முன்கூட்டியே எச்சரிக்கை வந்திருந்தது. அதனால் அன்றைக்கு நிறைய பேர் எழுதியது ஒன்றுதான்: "சொல்லியும் கேட்காமல் ஏன் போனார்கள்?" எனக்கு அந்தக் கேள்வி அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. நமக்கெல்லாம் ஆபத்து என்றால் வானத்தைப் பார்க்கத்தான் தெரியும். இடி, மின்னல், கருமேகம், புயல் சின்னம், கூண்டு. வெயில் பளிச்சென்று அடிக்கும்போது கடல் ஆளைக் கொல்லும் என்று உள்நாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு யார் சொல்லிக் கொடுத்தோம்? பள்ளிக்கூடத்தில் நிலவால் வரும் ஓதம் படித்தோம், 2004-க்குப் பிறகு சுனாமி படித்தோம். எங்கோ அடித்த காற்று நம் கரையில் வந்து முடியும் என்பதைப் படித்ததாக எனக்கு நினைவே இல்லை.

கன்னியாகுமரியில் நின்று நேர் தெற்கே பார்த்தால் ஒன்றிரண்டு குட்டித் தீவுகளைத் தவிர அண்டார்டிகா வரைக்கும் நிலம் கிடையாது. தெற்கே 40 பாகைக்கு அப்பால், மேற்கிலிருந்து வீசும் காற்றைத் தடுக்கப் பெரிய நிலப்பரப்பு அதிகம் இல்லாததால் அது உலகத்தையே சுற்றிச் சுற்றி வீசிக்கொண்டிருக்கிறது. இந்தப் பக்கம் வெதுவெதுப்பான கடல், அந்தப் பக்கம் பனிக்கட்டி, இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள வெப்ப வித்தியாசம்தான் அங்கே புயல்களுக்குத் தீனி. கடலிடமிருந்து வாங்கியதில் ஒரு பங்கைக் காற்று அலையாகக் கடலுக்கே திருப்பிக் கொடுக்கிறது, அந்த அலை நம்மிடம் வந்து சேர்கிறது.

வரும் வழியில் அது மாறிவிடும், அதுதான் இதில் பயங்கரமான விஷயம். புயலுக்குள் பிறக்கும்போது சிறிதும் பெரிதுமாகக் கலந்து கிடக்கும் அலைகளில் குட்டையானவை வழியிலேயே அடங்கிவிடும், நீளமானவை மட்டும் தாக்குப்பிடிக்கும். ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் 18 நொடி இடைவெளி என்றால் அந்த அலையின் நீளம் ஏறக்குறைய அரை கிலோமீட்டர். மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டர் வேகத்தில், 5000 கிலோமீட்டரை நாலு நாளில் கடந்து வந்துவிடும். ஆழ்கடலில் படகில் இருப்பவருக்கு மெதுவாகத் தூக்கி இறக்குவது போலத்தான் இருக்கும். கரையை நெருங்கி அடிமண் தட்டுப்பட்டதும் வேகம் குறையும், பின்னால் வருவது முன்னால் போவதை நெருக்கும், தண்ணீர் அப்படியே எழும்பும். அதுவும் கூட்டமாக வரும். ஐந்து பத்து நிமிடம் கடல் சாதுவாகக் கிடக்கும், அப்புறம் நாலைந்து பெரிய அலைகள் ஒன்றன்பின் ஒன்றாக. வந்து நின்று பார்த்த ஆளுக்கு அந்தச் சாதுவான ஐந்து நிமிடம்தான் கண்ணில் பட்டிருக்கும். அமாவாசை, பௌர்ணமி ஒட்டி வந்தால் ஏற்கெனவே நீர்மட்டம் உயர்ந்திருக்கும். 2024 மே 8 அமாவாசை, இரண்டு நாள் முன்னால்தான் அந்த ஐந்து பேரும் போனார்கள்.

என் தாய்மாமா நாற்பது வருடம் வள்ளத்தில் தொழில் செய்தவர். சின்ன வயதில் நான் தண்ணீரைப் பார்த்து ஓடினால் சட்டையைப் பிடித்து நிறுத்துவார். "நில்லுடே, கடல் என்ன செய்யுதுன்னு முதல்ல பாரு" என்பார். நானும் நிற்பேன், எரிச்சலாக இருக்கும், ஒன்றுமே நடக்காது. கடைசியில் எங்கிருந்தோ ஒரு திரை வந்து, நான் நிற்க ஆசைப்பட்ட இடத்தைத் தாண்டி மணலில் ஏறிப் போகும். தென் இந்தியப் பெருங்கடலைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் எவ்வளவு நேரம் பார்க்க வேண்டும் என்று தெரியும். அந்த அறிவுதான் கள்ளக்கடல் என்ற சொல்லில் இருக்கிறது, கள்ளன் மாதிரி சத்தம் காட்டாமல் வரும் கடல். கேரளக் கரையில் மீனவர்கள் புழங்கிய இந்தச் சொல்லை யுனெஸ்கோ 2012-ல் அப்படியே அறிவியல் சொல்லாக ஏற்றுக்கொண்டது. நம் அறிவிப்புகளிலோ பெரும்பாலும் "கடல் சீற்றம்", "உயர் அலை" என்றுதான் வருகிறது. சீற்றம் என்று கேட்டவன் கரைக்கு வந்து பார்த்தால் கடல் சீறாது. அறிவிப்பு பொய் என்று நினைத்துத் தண்ணீரில் இறங்கிவிடுவான். இது சொல்லின் குற்றம் இல்லாமல் வேறென்ன?

முன்கூட்டியே கணிக்க முடியாது என்றால்கூட மனதைத் தேற்றிக்கொள்ளலாம். ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் (INCOIS) என்ற மத்திய அரசின் கடல் தகவல் சேவை நிறுவனம் இதைக் கணித்துச் சொல்கிறது. 2024 மார்ச் 31-ல் கேரளக் கரையில் கடல் வீடுகளுக்குள் ஏறியதே, அதன் பிறப்பையும் அவர்கள் தேடிச் சொன்னார்கள்: மார்ச் 23-ல் தென் அட்லாண்டிக்கில், நம் கரையிலிருந்து சுமார் 10,000 கிலோமீட்டர் தள்ளி இருந்த ஒரு காற்றழுத்தத் தாழ்வு, 28-க்குள் தென் இந்தியப் பெருங்கடலுக்கு நகர்ந்து 11 மீட்டர் அலைகளை எழுப்பியிருக்கிறது. புயலின் பாதை கடைசி நேரத்தில்கூட மாறும், ஆனால் இந்த அலை கிளம்பிவிட்டால் வந்தே தீரும், எப்போது வரும் என்றும் தெரியும். இத்தனை நாள் அவகாசம் தரும் ஆபத்துகள் ரொம்பக் குறைவு. அதை வைத்துக்கொண்டும் ஆட்களைச் சாகக் கொடுப்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இனி இது குறையப் போவதும் இல்லை. 1985 முதல் 2018 வரையிலான செயற்கைக்கோள் அளவுகளைப் பார்த்ததில், அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள தென்பெருங்கடலின் மிகப் பெரிய அலைகள் சுமார் 30 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கின்றன, காற்றும் வலுத்திருக்கிறது. இங்கே அழிக்காலிலும் வள்ளவிளையிலும் வீட்டுச் சுவரைக் கடல் தொட்டுக்கொண்டிருக்கிறது. தூண்டில் வளைவு, அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிப் போடும் கல் தடுப்பு, கட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று பேசுகிறவர்களிடம் எனக்குத் தனியாக ஒரு சண்டை இருக்கிறது, அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

நான் கேட்பது பெரிய செலவுள்ள விஷயம் இல்லை. ஏப்ரல், மே மாதங்களில் ஆட்கள் கூடும் ஒவ்வொரு கடற்கரையிலும் அந்தந்த ஊர் மீனவர்கள் இரண்டு பேரைச் சம்பளம் கொடுத்து நிறுத்துங்கள். எச்சரிக்கை வந்த நாளில் யாரையும் மணலிலேயே இறங்க விடாமல் வழியை அடைக்கும் அதிகாரத்தை அவர்களுக்குக் கொடுங்கள். செல்போனில் வரும் செய்தியை யாரும் படிப்பதில்லை, வண்டி நிறுத்தும் இடத்தில் ஒரு கரும்பலகை போதும். "கள்ளக்கடல். இன்று மதியம் முதல் நாளை இரவு வரை. வானம் தெளிவாகத்தான் இருக்கும், இறங்காதீர்கள்" என்று சாக்பீஸால் எழுதி வையுங்கள்.