ரெண்டு பட்டியல் போட்டுவிட்டால் வெளிப்படைத்தன்மை ஆகிவிடுமா?

தேர்தல் பத்திரக் கணக்கைத்தான் இணையத்தில் போட்டுவிட்டார்களே, இன்னும் என்ன என்று கேட்பவர்களுக்காக இது. தேர்தல் பத்திரம் என்பது ஸ்டேட் வங்கியில் வாங்கி, பெயர் வெளியே தெரியாமல் கட்சிக்கு நன்கொடையாகக் கொடுத்தது; கட்சி அதை வங்கியில் பணமாக்கிக்கொண்டது.

2024 மார்ச் 14 அன்று தேர்தல் ஆணையம் தன் தளத்தில் ஏற்றியது இரண்டு பட்டியல்கள். ஒன்றில் யார், எப்போது, எவ்வளவுக்கு வாங்கினார்கள் என்ற விவரம். இன்னொன்றில் எந்தக் கட்சி எப்போது பணமாக்கியது என்ற விவரம். யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பது மட்டும் இல்லை. கேள்வியே அதுதானே! இரண்டு பட்டியலையும் இணைப்பது ஒவ்வொரு பத்திரத்துக்கும் உள்ள தனி எண்தான்; அதை எடுத்துவிட்டுக் கொடுத்தால் அது பாதி மறைப்புதான். இரண்டையும் ஒப்பிட ஜூன் 30 வரை அவகாசம் வேண்டும் என்றது ஸ்டேட் வங்கி. உச்ச நீதிமன்றம் விடாப்பிடியாக நின்றதால் மார்ச் 21 அன்று எண்களோடு பட்டியல் வந்தது. சில மணி நேரத்திலேயே செய்தியாளர்கள் பொருத்திக் காட்டிவிட்டார்கள்.

நீங்களும் செய்து பார்க்கலாம். அந்தப் பட்டியல்களின் பிடிஎஃப்பை எக்செல்லுக்கு மாற்றுங்கள். முன்னெழுத்து ஒரு பத்தியிலும் எண் இன்னொரு பத்தியிலும் இருக்கும். ஒரு கோடிப் பத்திரத்துக்கு முன்னெழுத்து 'ஓசி' (சத்தியமாக), பத்து லட்சத்துக்கு 'டிஎல்'. முன்னெழுத்தையும் எண்ணையும் ஒட்டி ஒரே குறியீடாக்கிய பிறகே விலுக்அப் (ஒரு பட்டியலில் உள்ளதை இன்னொன்றில் தேடி எடுக்கும் எக்செல் சூத்திரம்) போடுங்கள். வெறும் எண்ணை வைத்துத் தேடினால் வேறு மதிப்புள்ள பத்திரம் வந்து ஒட்டி, கொடுக்காதவர் கொடுத்ததாகிவிடும். இரு பக்கமும் தொகை ஒன்றாக இருக்கிறதா என்று கடைசியில் ஒருமுறை சரிபாருங்கள். நிறுவனப் பெயர்களும் படுத்தும். அதிகபட்சமாக 1,368 கோடிக்கு வாங்கிய ஃபியூச்சர் கேமிங் பெயரே ஓரிடத்தில் முழுதாகவும் ஓரிடத்தில் வால் அறுந்தும் இருக்கிறது. பெயர்களைச் சீராக்காமல் கூட்டினால் ஒரே நிறுவனம் இரண்டாகிவிடும்.

சில பத்திரங்களுக்கு வாங்கியவர் பெயரே கிடைக்காது. உங்கள் கணக்கில் பிழை இல்லை. பட்டியல் 2019 ஏப்ரல் 12-லிருந்துதான் தொடங்குகிறது. அதற்கு முன் வாங்கி, பிறகு பணமாக்கியவை ஒரு பக்கம் மட்டுமே தெரியும். வாங்கியது சுமார் 12,155 கோடி, பணமாக்கியது சுமார் 12,769 கோடி என்று இடிப்பதும் இதனால்தான்.

அடுத்து, கம்பெனி விவகாரத் துறைத் தளத்தில், பத்திரம் வாங்கிய நிறுவனத்தின் 21 இலக்கப் பதிவெண்ணை எடுங்கள். 9 முதல் 12 வரையிலான இலக்கங்கள் பதிவான ஆண்டு. மூன்று நிதியாண்டு நிறையாத நிறுவனம் கட்சிக்கு நன்கொடை தரச் சட்டத்தில் இடமில்லை. இந்த ஒன்றை மட்டும் பார்த்தாலே கேட்பதற்கு நிறையக் கிடைக்கும். ஆனால் அந்த நிறுவனத்தில் அரசு அமைப்புகள் ரெய்டு நடத்திய தேதியும் பத்திரத் தேதியும் பக்கத்தில் இருப்பதாலேயே லஞ்சம் என்று எழுதிவிடாதீர்கள். அது விசாரணைக்கான காரணம், தீர்ப்பு அல்ல.

பத்திரம் ஒழிந்தது. இப்போது தேர்தல் அறக்கட்டளைகள், அதாவது நிறுவனங்களிடம் நன்கொடை வாங்கிக் கட்சிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் அமைப்புகள், வழியாகப் பணம் போகிறது. அவற்றின் ஆண்டறிக்கையைத் திறந்து பாருங்கள்: கொடுத்தவர்கள் ஒரு அட்டவணையில், வாங்கிய கட்சிகள் இன்னொன்றில். எந்தப் பணம் எந்தக் கட்சிக்குப் போனது என்று சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. தேதியை வைத்து ஊகிக்கத்தான் முடியும். இந்த முறை பொருத்துவதற்கு எண்ணும் கிடையாது.