ஒரு புத்தகத்துக்கு மூன்று பிரதி

புத்தகம் படிப்பவர், புத்தகம் சேர்ப்பவர், புத்தகம் கொடுப்பவர் மூவருக்கும் சேர்த்து ‘புத்தகப் பிரியர்’ என்று ஒரே பெயரை வைத்துவிட்டோம். எனக்குத் தெரிந்தவரை இந்த மூன்று ஆசைகளும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டுபவை. படிக்கும் ஆசை முற்றியவருக்குப் புத்தகம் யாருடையது என்ற கவலையே கிடையாது. நூலகப் பிரதி, இரவல், அட்டை கிழிந்த பழசு, கைப்பேசித் திரை, எதுவானாலும் சரி. சேர்ப்பவருக்கு அது தன்னுடையதாக இருக்க வேண்டும், மூலை மடங்காமல் இருக்க வேண்டும், படிப்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். கொடுப்பவரின் அலமாரியிலோ எப்போதும் நடுவில் நடுவில் பல் விழுந்திருக்கும். மூவரும் ஒரே ஆளுக்குள் குடியிருந்தால் தினமும் பஞ்சாயத்துதான். எனக்குள் அது பள்ளிக்கூட நாளிலிருந்து நடக்கிறது. வயது ஏற ஏறக் கொடுப்பவன் கை ஓங்கி வருகிறது. அது சரிதான் என்பது என் கட்சி.

இந்தச் சண்டையைப் பணத்தால் தீர்த்த ஒருவர் உண்டு. ரிச்சர்டு ஹீபர், 1773-இல் பிறந்த ஆங்கிலேயர். ஒரு புத்தகத்தில் மூன்று பிரதி வேண்டும் என்பாராம் அவர்: பார்வைக்கு ஒன்று, படிக்க ஒன்று, இரவல் கேட்டு வருபவருக்கு ஒன்று. பேச்சோடு நிற்கவில்லை. இங்கிலாந்திலும் ஐரோப்பாவின் மற்ற ஊர்களிலும் வீடு வீடாகப் புத்தகத்தால் நிரப்பினார். 1833-இல் அவர் இறந்தபின் எல்லாவற்றையும் ஏலம் விட்டு முடிக்கவே சில ஆண்டுகள் பிடித்தன. அடுத்த தலைமுறையில் வந்த சர் தாமஸ் பிலிப்ஸ் இன்னும் ஒரு படி மேலே. உலகிலுள்ள ஒவ்வொரு புத்தகத்திலும் தனக்கு ஒரு பிரதி வேண்டும் என்று கடிதமே எழுதியவர். கையெழுத்துச் சுவடிகள் மட்டும் 60,000 அளவுக்குச் சேர்ந்தன. கூடவே கடனும் சேர்ந்தது, குடும்பத்தோடு மனத்தாங்கலும் சேர்ந்தது. 1872-இல் அவர் போய்ச் சேர்ந்தார். அந்தக் குவியலை விற்றுக் கலைக்க நூறு ஆண்டுக்கு மேல் ஆயிற்று.

எனக்கு ஹீபரைப் பிடிக்கும், பிலிப்ஸை நினைத்தால் பயமாக இருக்கும். இரவலுக்கென்று தனிப் பிரதி வாங்கி வைத்தவருக்கு, தன் புத்தகத்தை இன்னொருவர் படிப்பதில் ஒரு ருசி இருந்திருக்கிறது. நமக்கெல்லாம் இருப்பது ஒரே பிரதி. அதைத்தான் காட்டவும் வேண்டும், படிக்கவும் வேண்டும், கொடுக்கவும் வேண்டும்.

வீட்டுக்கு வருகிறவர்கள் அலமாரியைப் பார்த்ததும் கேட்பார்களே, “இத்தனையும் படிச்சிட்டீங்களா?” என்று. நான் சொல்வது, “படித்ததில் பாதி வெளியே போயிருக்கிறது, படிக்காததுதான் இங்கே நிறைய இருக்கிறது.” வேடிக்கைக்குச் சொன்னாலும் ஏறக்குறைய உண்மை. படிக்காத புத்தகத்தை வைத்திருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சில புத்தகங்களை வாங்கும் வயது வேறு, படிக்கும் வயது வேறு. இருபத்தைந்தில் ஏதோ ஆர்வத்தில் வாங்கி, முப்பது பக்கத்தில் மூடி வைத்து, பல வீடு மாறி, ஒரு நாள் தூக்கம் வராத இரவில் கையில் எடுத்தால் விடிகிறவரை கீழே வைக்க முடியாமல் போகும். அந்த இரவில் அது கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததே, சேர்த்ததற்கு அந்தப் பலன் போதும்.

படிப்பதைப் பற்றி எனக்கு ஒரே ஒரு புகார்தான். அதைக் கணக்குப் பாடம் ஆக்கிவிட்டார்கள். ஆண்டு முடிந்தால் போதும், இத்தனை புத்தகம் படித்தேன் என்று பட்டியல் வந்துவிடுகிறது. எண்ணிக்கை ஏற வேண்டுமென்றால் ஒல்லிப் புத்தகமாகப் பார்த்துத்தான் எடுக்க வேண்டியிருக்கும். எட்டு மாதம் ஒரே தடித்த புத்தகத்தோடு குடித்தனம் நடத்தியவருக்கு அந்தப் பட்டியலில் என்ன இடம்? மறுபடி படித்தது கணக்கில் வருமா? எனக்கு மறுவாசிப்பில்தான் சுகமே. கல்லூரி நாளில் அலுப்போடு தாண்டிப் போன ஒரு அத்தியாயம், மகனின் வேலைக்காக யாரோ ஒருவர் வாசலில் காத்து நிற்கும் தகப்பனைப் பற்றியது, பிள்ளை பெற்று வளர்த்த பிறகு நெஞ்சை அடைத்தது. அதே தாள், அதே எழுத்து. இதை எந்தப் பட்டியலில் ஏற்றுவது?

பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் விடுவதும் படிப்பில் சேர்த்திதான். கடைசிப் பக்கம் வரை போயே தீருவேன் என்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். விடலாம். புத்தகம் கோபித்துக்கொள்ளாது.

நாற்பதைத் தாண்டினால் வெள்ளெழுத்து வந்துவிடுகிறது. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இளக்கம் குறைந்து, கிட்டத்தில் இருப்பது மங்கும். கையை நீட்டி நீட்டிப் படித்துப் பார்த்துவிட்டு, கை நீளம் போதாமல் போனபின் கண்ணாடி போடுகிறோம். பொடி எழுத்தில் அச்சிட்ட பழைய பதிப்புகள் அப்போதுதான் எதிரிகளாகின்றன. ஒலிப்புத்தகம் கேட்பது படிப்பில் சேருமா என்று சிலர் இன்னும் வழக்காடுகிறார்கள். நான்காம் நூற்றாண்டில் மிலான் நகர ஆயர் அம்புரோஸ் வாய்விட்டுப் படிக்காமல் கண்ணால் மட்டும் படித்ததைப் பார்த்து, கிறிஸ்தவ அறிஞர் அகஸ்டின் அதை ஒரு புதுமையாகக் குறித்து வைத்திருக்கிறார். ஒருவர் உரக்கப் படிக்கப் பலர் கேட்பது அன்றைக்கு அவ்வளவு சாதாரணம். கேட்டால் படித்ததாகாது என்றால் நம் முன்னோரில் பெரும்பாலோர் எதையும் படிக்கவில்லை என்றாகிவிடும்.

சரி, கொடுப்பதற்கு வருவோம். இதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

ஐரோப்பாவின் பழைய நூலகங்கள் சிலவற்றில் புத்தகங்களைச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்திருந்தார்கள். இங்கிலாந்தின் ஹெரிபோர்டு தேவாலயத்தில் அப்படி ஒரு நூலகம் இன்றும் இருக்கிறது. சங்கிலி அட்டையின் வெளி ஓரத்தில் மாட்டப்பட்டிருப்பதால், சிக்கல் வராமல் எடுத்துப் படிக்க வசதியாக, புத்தகத்தின் முதுகு உள்பக்கமாகவும் தாள்கள் நம்மைப் பார்த்தும் நிற்கும். அந்தக் காலத்தில் ஒரு கையெழுத்துப் பிரதி உருவாக மாதக்கணக்கில் உழைப்பு வேண்டியிருந்தது. சங்கிலி போட்டதில் நியாயம் உண்டு. அச்சுப் பிரதி ஆயிரக்கணக்கில் கிடைக்கும் காலத்திலும் மனசுக்குள் அந்தச் சங்கிலியை வைத்திருக்கிறோமே, அதற்குத்தான் நியாயம் தெரியவில்லை.

நம் பக்கத்துக் கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனாலும் இங்கே சொல்லாமல் முடியாது. 1880-இல் கும்பகோணத்தில் தமிழாசிரியராக இருந்த உ.வே.சாமிநாதையர், சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் என்று நீளமாக அடுக்க, முதலியார் அசையவே இல்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று கேட்டுவிட்டு, தன்னிடமிருந்த சிந்தாமணிக் கையெழுத்துப் பிரதியைக் கொடுத்து அனுப்புகிறார். 1887-இல் சிந்தாமணி அச்சில் வந்தது. பிறகு பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை. ஐயர் பதிப்பித்தவை பலவும் யார் யார் வீட்டிலிருந்தோ கேட்டு வாங்கிய ஏடுகளை ஒப்பிட்டு உருவானவை. கொடுக்க மறுத்தவர்களும் உண்டு, கொடுக்காமலே செல்லரிக்க விட்டவர்களும் உண்டு. முதலியார் அன்றைக்கு “முதலில் நீங்கள் படித்ததையெல்லாம் ஒழுங்காகப் படியுங்கள்” என்று அறிவுரை சொல்லி அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சில நேரம் நினைத்துப் பார்ப்பேன்.

அவர் செய்ததில் எனக்குப் பிடித்தது, ஆளைப் பார்த்துக் கொடுத்தது. நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-இல் எழுதிய ஐந்து விதிகளில் இரண்டு இப்படி வரும்: ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர். இந்த இரண்டாவதை நாம் மறந்துவிடுகிறோம். நமக்குப் பிடித்ததை அடுத்தவர் தலையில் கட்டுவதைப் பகிர்தல் என்று நினைக்கிறோம். பரிசாகக் கொடுக்கும் புத்தகங்களில் பாதி மறைமுகமான கண்டிப்பு. ‘நீ இப்படி ஆக வேண்டும்’ என்று சொல்ல வாய் வராதவர்கள் தன்னம்பிக்கைப் புத்தகம் வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். வாங்கியவரும் புன்னகையோடு வாங்கி, பிரிக்காமல் வைத்துவிடுகிறார்.

பல காலம் கொடுத்து வாங்கியதில் எனக்கென்று சில வழக்கங்கள் ஏற்பட்டுவிட்டன. படிக்கப் பழகாதவருக்கு முதலில் மெலிந்த புத்தகம்தான். ஆயிரம் பக்க மகா காவியத்தை முதல் நாளே நீட்டினால் நம்மைத் தெருவில் பார்த்தாலும் ஒதுங்கிப் போவார். கொடுத்த ஒரு மாதத்துக்கு ‘படிச்சாச்சா?’ என்று கேட்கவே மாட்டேன், அது கடன்காரன் குரல். தொலைந்து போய்விட்டால் மனசு தாங்காது என்று தோன்றும் புத்தகத்தைக் கொடுக்கவே மாட்டேன், கேட்டால் வேறு பிரதி வாங்கித் தந்துவிடுவேன். யாரிடம் எது இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். வசூலுக்காக அல்ல, அடுத்தவர் அதே புத்தகத்தைக் கேட்டால் அவரிடமே அனுப்பிவிட வசதி.

திரும்பி வரும் புத்தகத்தைப் புரட்டுவது தனி இன்பம். அறுபதாம் பக்கத்தில் ஒரு மடிப்பு, அதற்குமேல் தாள் புத்தம் புதுசு: அங்கேயே நின்றுவிட்டார் என்று அர்த்தம். கேட்டுச் சங்கடப்படுத்தத் தேவையில்லை. பென்சில் கோடு போட்டுத் திருப்பித் தருகிறவர்கள் மேல் எனக்கு ரகசியப் பிரியம். நான் கவனிக்காமலே தாண்டிய வரியின் கீழ் கோடு இருந்தால், அந்த மனிதரைப் பற்றி நேரில் பேசித் தெரியாத ஒன்று தெரிந்துவிடுகிறது. பேனாவால் போடுகிறவர்களை மட்டும் மன்னிக்க மாட்டேன்.

பூட்டி வைத்தால் பத்திரம் என்பதும் பாதிதான் உண்மை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்து மரக்கூழில் காகிதம் செய்யத் தொடங்கினார்கள். மரத்திலுள்ள லிக்னினும் உற்பத்தியில் சேர்க்கும் அமிலத்தன்மையுள்ள பொருட்களும் சேர்ந்து தாளை மஞ்சளாக்கி, கடைசியில் அப்பளமாக நொறுக்கிவிடுகின்றன. பழைய புத்தகத்தின் மணம் என்று கொண்டாடுகிறோமே, அது பெரும்பாலும் அந்தத் தாள் சிதைவதன் மணம். ஈரம் சேர்ந்தால் பூஞ்சை. ஆள் தொடாத இருட்டு மூலையில்தான் இராமபாணப் பூச்சியும் கறையானும் நிம்மதியாகக் குடும்பம் நடத்தும். கை மாறிக்கொண்டிருக்கும் புத்தகத்துக்கு அட்டை கிழியலாம், காபிக் கறை படலாம், ஆனால் காற்றும் வெளிச்சமும் பட்டுக்கொண்டிருக்கும். கிழிந்ததைப் பசை நாடாவால் மட்டும் ஒட்டிவிடாதீர்கள். சில ஆண்டில் நாடா உதிர்ந்து, பழுப்புக் கறை மட்டும் தாளோடு தங்கிவிடும்.

மின்னூல் வந்தபின் இந்தத் தொல்லையெல்லாம் இல்லை என்று இளையவர்கள் சொல்கிறார்கள். நானும் படிக்கிறேன், எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளும் வசதிக்காகவே கும்பிடலாம். ஆனால் காசு கொடுத்து வாங்கிய மின்னூல் பெரும்பாலும் நமக்குச் சொந்தமில்லை, படிக்க அனுமதி மட்டுமே. 2009-இல் உரிமைச் சிக்கல் ஒன்றால் அமேசான் நிறுவனம் வாசகர்களின் கிண்டில் கருவிகளிலிருந்து இரண்டு புத்தகங்களைத் தொலைவிலிருந்தே அழித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், பிறகு மன்னிப்பும் கேட்டார்கள். அழிக்கப்பட்டவற்றில் ஒன்று ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’, பழைய பதிவுகளை அரசே அழித்து மாற்றும் ஒரு நாட்டைப் பற்றிய நாவல். கற்பனையாக எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள். இந்தப் பக்கம், 1971-இல் மைக்கேல் ஹார்ட் தொடங்கிய குட்டன்பர்க் திட்டமும், 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் இருக்கின்றன. முகம் தெரியாத தன்னார்வலர்கள் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து, பிழை பார்த்து, இலவசமாக விட்டிருக்கிறார்கள். நாம் ஒருவருக்கு ஒரு பிரதி இரவல் கொடுப்பதை அவர்கள் உலகத்துக்கே செய்திருக்கிறார்கள்.

சேர்த்ததெல்லாம் நமக்குப் பிறகு என்ன ஆகும் என்ற கேள்வி ஒரு வயதுக்கு மேல் வந்தே தீரும். கோட்டையூர் ரோஜா முத்தையா சைன்போர்டு எழுதும் ஓவியர். புத்தகம், பத்திரிகை, நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் என்று சுமார் ஒரு லட்சம் உருப்படிகள் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கி, அதைத் தமிழ்நாட்டிலேயே வைத்து, 1994-இல் அவர் பெயரிலேயே ஆய்வு நூலகம் அமைந்தது. அவருக்கு வாய்த்தது எல்லாருக்கும் வாய்க்காது. என்னைப் போன்றவர்களின் அலமாரி, எடைக்குப் போவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். பிள்ளைகள் மேல் குற்றமில்லை, அவர்களுக்கு வேறு ருசி.

அதனால் இப்போதே பிரித்துக் கொடுக்கத் தொடங்கிவிட்டேன். புத்தகத்துக்குள் யாருக்கு என்று ஒரு துண்டுச் சீட்டு. சிலருக்குக் கொடுத்தும் ஆயிற்று. ஒன்றில்தான் சிக்கல். இரண்டு பாகமுள்ள பழைய பயண நூல் ஒன்றில் முதல் பாகம் மட்டும் என்னிடம் இருக்கிறது. நோட்டு வைக்கும் வழக்கம் வருவதற்கு முன்பே இரண்டாம் பாகம் யார் வீட்டுக்கோ போய்விட்டது. அவர் இந்தப் பதிவைப் படிக்கிறார் என்றே நம்புகிறேன். ஐயா அல்லது அம்மா, இரண்டாம் பாகத்தைத் திருப்பித் தர வேண்டாம். வந்து முதல் பாகத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள். கதை எங்கே தொடங்கியது என்று தெரியாமலே இத்தனை காலம் படித்திருப்பீர்கள்.