ரெண்டு நிமிஷ வேலை இல்லை, அண்ணாச்சி

நான் டிசைன் செய்து கொடுத்த எங்கள் ஊர்க் கோயில் கொடை விழா பேனர், எழுத்து உடைந்து அச்சாகி வந்த விஷயம் இரண்டு நாளாக எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் ஓடுகிறது. படத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள், மறுபடி இங்கே போட மனசு வரவில்லை. அந்த எழுத்து உடைந்தது என் கையில் இல்லை என்று சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். அதற்குக் கமிட்டி அண்ணாச்சி ஒருவர் எல்லார் முன்னாலும் கேட்டார்: "ரெண்டு நிமிஷ வேலைக்கு எதுக்கும்மா இவ்வளவு பேச்சு?"

ரெண்டு நிமிஷ வேலை இல்லை, அண்ணாச்சி. 3 ராத்திரி. அதுவும் காலேஜில் ரிவ்யூ நடந்த வாரம். பெயர் வரிசையை 11 தடவை மாற்றச் சொன்னீர்கள், மாற்றினேன். கடைசியில் எழுத்தையெல்லாம் கர்வ் பண்ணித்தான், அதாவது எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் உடையாதபடி எழுத்தைப் படவடிவமாக மாற்றித்தான், ஃபைல் அனுப்பினேன். "ஒரு பேரு விட்டுப்போச்சு, ஓப்பன் ஃபைல் குடு, கடையிலேயே சேர்த்துக்கிடுதோம்" என்றீர்கள். எழுத்தைத் திருத்த முடிகிற அந்த ஃபைலை நம்பிக் கொடுத்தேன்.

என்ன நடந்தது என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 'கோயில்' என்று நாம் எழுதும்போது முதலில் இரட்டைக்கொம்பு, நடுவில் க, பிறகு கால். யூனிகோடில் முதலில் க, அப்புறம்தான் ஓகாரக் குறி. கொம்பை முன்னால் கொண்டுவந்து வைக்க வேண்டியது சாஃப்ட்வேரின் வேலை. கடையில் செய்த மாதிரி, ஃபோட்டோஷாப்பில் அதற்கான அமைப்பை மாற்றாமல் தமிழை ஒட்டினால், கொம்பும் காலும் சேர்ந்து க-வுக்குப் பின்னால் போய் நிற்கும். கோயிலும் உடைந்தது, கொடையும் உடைந்தது. 20 அடி ஃப்ளெக்ஸில் உடைந்தது. அந்தப் படத்தின் கீழே "டிசைன் படிக்கிற பிள்ளைக்குத் தமிழே எழுத வரல" என்று சிரிக்கிறார்கள். அதில் இரண்டு பேர் என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவர்கள்.

"சாமி காரியத்துக்குக் காசு கேக்கியா?" என்கிறார்கள். நான் காசு கேட்கவே இல்லை. ஆனால் இவ்வளவு பேசிய பிறகு நானும் கேட்கிறேன். வில்லுப்பாட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தீர்கள். பந்தலுக்கு, சீரியல் செட்டுக்கு, நையாண்டி மேளத்துக்கு எல்லாம் கொடுத்தீர்கள். கொடுக்க வேண்டியதுதான், அவர்கள் பிழைப்பு அது. ஃப்ளெக்ஸ் அடித்த கடைக்குச் சதுர அடிக் கணக்கில் கொடுத்தீர்கள். எங்கள் வீட்டுக் கொடை வரியையும் அப்பா கட்டிவிட்டார். இதில் எது சாமி காரியம் இல்லை? என் வேலை மட்டும் எப்படி வேலையில் சேராமல் போனது?

"படிக்கிற பிள்ளைதானே, அனுபவம் கிடைக்குமே" என்று மாமா ஒருவர் எழுதியிருந்தார். நைக்கியின் அந்த டிக் மாதிரி சின்னத்தை 1971-ல் வரைந்த கேரலின் டேவிட்சனும் அப்போது படிக்கிற பிள்ளைதான். மணிக்கு 2 டாலர் என்று பேசி, 35 டாலர் வாங்கினார். 1983-ல் கம்பெனி கூப்பிட்டு மோதிரமும் பங்குகளும் கொடுத்தது. நான் பங்கு கேட்கவில்லை மாமா. வேலையை வேலை என்று சொன்னால் போதும்.

செல்போனில் ஏஐ நொடியில் போட்டுவிடும் என்பவர்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை. போட்டுப் பாருங்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்றால், அந்த ஃப்ளெக்ஸைக் கட்டியிருக்கும் இடம். கோயில் வளைவில் அதற்குப் பின்னால் இருப்பது அப்பா எழுதிய எழுத்து. ஃப்ளெக்ஸ் வருவதற்கு முன்னால் இந்தச் சுற்றுவட்டாரத்தில் போர்டு என்றால் அப்பாதான். சின்ன வயதில் நான்தான் நூலின் ஒரு முனையைப் பிடிப்பேன். நீலப் பொடி தடவிய நூலை இழுத்துப் பிடித்து அப்பா ஒரு தட்டுத் தட்டுவார், சுவரில் நேர்கோடு விழும். அந்தக் கோட்டில் எழுத்து உட்காரும். ழ-வின் கீழ்ச்சுழியைப் பிரஷ்ஷை எடுக்காமல் ஒரே இழுப்பில் முடிப்பார். அதுவரை மூச்சு விடமாட்டார். ஒரு எழுத்து சரியில்லை என்றால் துணியில் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டு மறுபடி எழுதுவார், யாரும் கேட்காமலேயே. அவரிடம் யாரும் ரெண்டு நிமிஷ வேலை என்று சொன்னதில்லை. இன்றைக்கு அவர் மகளிடம் சொல்கிறீர்கள்.

நேற்று சாயங்காலம் அப்பா வளைவு வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்து ஃபோன் செய்தார். திட்டவில்லை. "அந்தக் கொம்பு ஏன்ட்டி அங்க போய் நிக்கி?" என்று மட்டும் கேட்டார். நடந்ததைச் சொன்னேன். "சரி, சாப்பிட்டியா" என்றார்.

திருத்திய ஃபைலைக் கர்வ் பண்ணி இன்று காலையில் கடைக்கே அனுப்பிவிட்டேன். கொடைக்கு இன்னும் 6 நாள் இருக்கிறது. மறுபடி அடிக்கிற காசைக் கமிட்டி கொடுக்காவிட்டால் நானே கொடுக்கிறேன். இன்னும் பெயர் விட்டுப்போயிருந்தால் தயவுசெய்து என்னைக் கூப்பிடுங்கள், நடுராத்திரி என்றாலும் எடுப்பேன். கடையில் வைத்து மாற்றாதீர்கள். அப்புறம், இந்தத் தடவை ஃப்ளெக்ஸை வளைவுக்குப் பக்கத்தில் கம்பு ஊன்றிக் கட்டுங்கள் அண்ணாச்சி. அப்பாவின் எழுத்தை மறைக்க வேண்டாம்.