45 நாள் விதியும் எங்கள் பட்டறையும்
சிறுதொழில்களுக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்ற வருமானவரி விதி வந்ததும் அவை நிமிர்ந்துவிட்டன என்று ஒரு கட்டுரையில் படித்தேன். திருப்பூரில் துணி பிரிண்டிங் பட்டறை வைத்திருக்கும் எனக்கு அது பாதி உண்மைதான். இந்தக் கெடு 2006-ம் வருஷக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டத்திலேயே இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். இங்கே ஒப்பந்தம் என்பது டெலிவரி சலானின் பின்பக்கம் பேனாவில் எழுதிய ரேட்! கெடுவை யாரும் மதிக்கவில்லை. 2023 நிதிச் சட்டத்தின் மூலம் வருமானவரிச் சட்டத்தில் 43பி(எச்) என்ற பிரிவு நுழைந்து, தாமதமான பாக்கியை வேலை வாங்கியவர் அந்த வருஷ வரிக்கணக்கில் செலவாகக் கழிக்க முடியாது என்றானதும்தான் ஆடிட்டர்களே பதறினார்கள். 2024 மார்ச் கடைசி வாரம் எங்களுக்கு வேலை கொடுக்கும் பெரிய பார்ட்டி பாதி பாக்கியை அனுப்பினார். ஏப்ரலில் அவரே கூப்பிட்டு, “உத்யம் பதிவை ரத்து பண்ணிடுங்க, இல்லீன்னா வேற ஆளைப் பார்க்கணுமுங்க” என்றார். உத்யம் என்பது சிறுதொழில் என்று அரசிடம் செய்யும் பதிவு; அது இருந்தால்தான் இந்த விதி எங்களுக்குப் பொருந்தும். பாக்கி வைப்பவர்மேல் புகார் கொடுக்கலாமே என்கிறார் ஒரு நண்பர். கொடுக்கலாம், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டிகூடக் கேட்கலாம். சரி, கொடுத்த மறுநாள் எந்தப் பார்ட்டி எனக்குத் துணி அனுப்புவார்?