முதலில் சலூன், பிறகு வேன்

செல்லப்பிராணிகளுக்கு முடி திருத்தும் தொழிலுக்குப் புதிதாக வருபவர்கள் நேராக, வீடு வீடாகப் போய் வேலை செய்யும் நடமாடும் வேனிலேயே தொடங்கலாம் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். எனக்கு இதில் உடன்பாடில்லை. கை பழகாதவர் வேனுக்குள் தனியாக நிற்கக் கூடாது. பயந்துபோன பெரிய நாய் மேசையில் துள்ளினால் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். சிக்கு விழுந்த முடிக்கடியில் தோல் எங்கே தொடங்குகிறது, நகத்தை எதுவரை வெட்டினால் ரத்தம் வராது, ஹஸ்கி போல இரட்டை அடுக்கு முடி உள்ள நாய்களை ஏன் மொட்டையடிக்கக் கூடாது என்பதெல்லாம் அனுபவசாலி பக்கத்தில் நின்று காட்டினால்தான் பிடிபடும். சலூனில் அது கிடைக்கும். பல இன நாய்களும் கைக்கு வரும்.

வேனின் அருமையை நான் மறுக்கவில்லை. ஒரு நேரத்தில் ஒரே விலங்கு, சுற்றிலும் குரைப்பு இல்லை, கூண்டில் காத்திருப்பு இல்லை. வயதான நாய்க்கும் மிரளும் பூனைக்கும் அது எவ்வளவு பெரிய நிம்மதி! ஆனால் தண்ணீர்த் தொட்டி, வெந்நீர், மின்சாரம், கழிவுநீர் எல்லாம் உங்கள் தலையில். வண்டி பழுதானால் அன்றைய வருமானம் போச்சு. பயண நேரத்துக்குத் தனியாகக் காசு வராது என்பதால் அருகருகே உள்ள வீடுகளை ஒரே நாளில் சேர்த்துப் போடத் தெரிய வேண்டும்.

இடுப்பு வலியும் மணிக்கட்டு வலியும் இரண்டிலும் உண்டு. உயரம் மாற்றும் மேசை இல்லாத இடத்தில் தயவுசெய்து வேலைக்குச் சேராதீர்கள்.