பழைய திஸ்கி, பாமினி கோப்புகளை அழிக்காதீர்கள்

1990களின் பிற்பகுதியிலும் 2000களின் தொடக்கத்திலும் இணையத்தில் தமிழில் எழுதியவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படிக்க வேண்டும். திஸ்கி, பாமினி என்பவை யூனிகோடு (இன்று எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்து முறை) பரவுமுன் கணினியில் தமிழ் எழுதப் பயன்பட்டவை. உங்கள் பழைய சிடியில், வன்தட்டில் இருக்கும் அத்தகைய கோப்பைத் திறந்தால் விநோதக் குறிகளாகத் தெரிகிறது என்பதற்காக அதை அழித்துவிடாதீர்கள். பெரும்பாலும் அது கெட்டுப்போன கோப்பே இல்லை. தமிழ் முழுதாக உள்ளே இருக்கிறது, அதைக் காட்டும் எழுத்துருதான் உங்கள் கணினியில் இல்லை.

தமிழ் இணையமே 2003 வாக்கில் யூனிகோடு வலைப்பதிவுகளோடு பிறந்தது போல இன்று பலர் எழுதுகிறார்கள். அதற்கு முந்தியவை தேடுபொறியில் சிக்காததுதான் இந்த எண்ணத்துக்குக் காரணம். பழந்தமிழ் நூல்களை இணையத்தில் ஏற்றும் தன்னார்வ முயற்சியான மதுரைத் திட்டம் 1998 பொங்கலிலேயே தொடங்கியது. சில காலத்தில் சங்க நூல்களைத் திஸ்கியில் ஏற்றியது. பின்னாளில் அதே நூல்களை யூனிகோடுக்கும் கொண்டுவந்தார்கள். அதனால்தான் இன்றைக்கும் அவை வாசிக்கக் கிடைக்கின்றன. தனிமனிதர்கள் ஜியோசிட்டீஸ் என்ற இலவச வலைப்பக்கச் சேவையில் வைத்திருந்த பக்கங்களுக்கு அப்படி யாரும் செய்யவில்லை. 2009 அக்டோபரில் அந்தச் சேவையையே மூடிவிட்டார்கள்.

குறியாக்கம் என்பது எந்த எழுத்துக்கு எந்த எண் என்று சொல்லும் அட்டவணை. அன்றைய குறியாக்கங்களில் மொத்தம் 256 இடங்கள்தான். திஸ்கியும் டாப்பும் முதல் 128 இடங்களை ஆங்கிலத்துக்கு விட்டுவிட்டு மேற்பாதியில் தமிழ் வடிவங்களை அடுக்கின. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டுக்குப் பின் தமிழ்நாடு அரசு ஏற்ற இரண்டில் டாப் ஒன்று, டாம் மற்றொன்று. டாம் ஆங்கில இடங்களையும் எடுத்துக்கொண்டது. இலங்கையிலும் புலம்பெயர் நாடுகளிலும் பரவலாக இருந்த பாமினி, ஆங்கில எழுத்துகளின் மேலேயே தமிழை வரைந்த எழுத்துரு.

ஆகவே முதல் வேலை, கோப்பு எந்த வகை என்று கண்டுபிடிப்பது. முக்கால் பின்னக் குறியும் தலைகீழ்க் கேள்விக்குறியும் நிறைய வந்தால் திஸ்கி. முக்கால் என்பது த, தலைகீழ்க் கேள்விக்குறி ந. பவுண்டு குறி வரிக்கு வரி வந்தால் டாப் அல்லது டாம், அங்கே பவுண்டுதான் துணைக்கால். வெறும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து கிடந்தால் பாமினி. தமிழ் என்ற சொல் அதில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று நிற்கும். வலைப்பக்கமாக இருந்தால் மூல நிரலில் ஃபாண்ட் ஃபேஸ் என்ற இடத்தைப் பாருங்கள், எழுத்துருவின் பெயரே இருக்கும்.

அடுத்தது, மூலக் கோப்பை ஒரு பிரதி எடுத்து அந்தப் பிரதியில் மட்டும் கைவைப்பது. மூலத்தை வேர்டில் திறந்து சேமித்தால் தொல்லை அங்கேதான் ஆரம்பம். திஸ்கியில் ஜ, ஷ, ஸ, ஹ எல்லாம் 160க்குக் கீழே உள்ள இடங்களில் இருக்கின்றன. லத்தீன்-1 என்ற மேற்கு ஐரோப்பியக் குறியாக்கத்தில் சேமிக்கும் நிரல் அந்த இடங்களுக்கு வெறும் கேள்விக்குறி போட்டுவிடும். அப்படிப் போன எழுத்தை எந்த மாற்றியாலும் (குறியாக்கத்தை மாற்றித் தரும் நிரல்) மீட்க முடியாது. இ எழுத்தின் கதை இன்னும் மோசம். திஸ்கி 1.6இல் அதன் இடம் 173. உலாவிகளுக்கு அந்த எண் கண்ணுக்குத் தெரியாத மென்கோடு. அதனால் சொல்லின் முதலில் இ மட்டும் மாயமாகிவிடும். 1.7இல் இ எழுத்துக்கு 254ஆம் இடத்தையும் கொடுத்தது இதற்காகத்தான். 'ங்கே', 'ன்று', 'ருந்தது' என்று வரும் மாற்றங்களைக் கண்டால் காரணம் இதுவே.

லினக்ஸில் உள்ள ஐகான்வ் கட்டளைக்குத் திஸ்கி தெரியும். மற்றவற்றுக்கு சுரதாவின் பொங்குதமிழ் மாற்றி, என்எச்எம் கன்வர்ட்டர், அல்லது பைத்தானில் ஓப்பன்-தமிழ் நிரலகம். நூற்றுக்கணக்கில் கோப்பு இருந்தால் கடைசியாகச் சொன்னதுதான் சரி.

பலரும் கைவிட்டுவிடும் இடம் ஒன்று உண்டு. வலைப்பதிவுக் கருவி பக்கத்தை யூடிஎஃப்-8 ஆக, அதாவது யூனிகோடைப் பைட்டுகளாக எழுதும் முறையில் வெளியிட்டிருக்கும், எழுதியவரோ அதற்குள் திஸ்கியில் தட்டியிருப்பார். அப்போது ஒரு தமிழ் எழுத்து ஒரு பைட்டாக இல்லாமல் இரண்டு மூன்றாக விரிந்து கிடக்கும். நேரே திஸ்கி மாற்றியில் போட்டால் குப்பைதான் வரும். முதலில் யூடிஎஃப்-8இலிருந்து விண்டோஸ்-1252 என்ற பழைய ஒரு பைட் குறியாக்கத்துக்கு இறக்கி, அந்தப் பைட்டுகளைத் திஸ்கி என்று எடுத்துக்கொண்டு மீண்டும் யூடிஎஃப்-8க்கு ஏற்ற வேண்டும். இரண்டு படி, அவ்வளவுதான். 'கோப்பு போய்விட்டது' என்று ஒதுக்கப்படுபவற்றில் இந்த வகையும் உண்டு என்பதுதான் வேதனை.

மாற்றிய பிறகு சரிபார்க்காமல் விடாதீர்கள். பழைய குறியாக்கங்கள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுதப்பட்டவை. கொ என்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் க முதலில் வரவேண்டும். பழைய கோப்பில் வரி உடைந்து கொம்பு ஒரு வரியின் கடைசியிலும் க அடுத்த வரியிலும் விழுந்திருந்தால் மாற்றி குழம்பும். வரிகளை ஒட்டிவிட்டு மாற்றுங்கள். ஔவையார் 'ஒளவையார்' ஆக, ஒவும் ளவுமாகப் பிரிந்து வருவதைக் கண்ணால் பார்த்துப் பிடிக்க முடியாது, தேடிப் பாருங்கள். பாமினியில் ஊடே உள்ள ஆங்கிலச் சொற்களும் ஹெச்டிஎம்எல் குறிச்சொற்களும் தமிழாகிவிடும். அவற்றைத் தனியே பிரித்த பிறகே மாற்ற வேண்டும்.

இந்த வேலையைச் செயற்கை நுண்ணறிவு மொழி மாதிரிகளிடம் கொடுத்து 'சரிசெய்து தா' என்று கேட்பதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். இது அட்டவணையைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து மாற்றும் வேலை, ஊகத்துக்கு இடமே இல்லை. ஊகித்து நிரப்பினால் 1999இல் ஒருவர் எழுதியது இல்லாமல், அவர் எழுதியிருக்கக்கூடியது நம் கைக்கு வரும்.

கையில் பிரதி இல்லாதவர்கள் பழைய வலைப்பக்கங்களின் காப்பகமான வேபேக் மெஷினில் தேடுங்கள். பக்கம் கிடைத்தும் எழுத்து தெரியவில்லை என்றால் வியப்பில்லை. பக்கத்தோடு தானாகவே இறங்கிய அன்றைய இயங்கு எழுத்துருக்களில் ஒரு வகை இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு, இன்னொன்று நெட்ஸ்கேப் 4க்கு. முதல் வகையை ஒரு குறிப்பிட்ட தள முகவரியோடு பூட்டிவைப்பது வழக்கம், வேறு முகவரியில் அது திறக்காது. எழுத்துருவைத் தேடி அலையாமல் பைட்டுகளை எடுங்கள். காப்பக முகவரியில் உள்ள 14 இலக்கத் தேதி எண்ணை ஒட்டி, ஐ, டி என்ற இரண்டு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அடிக்கோடும் சேர்த்தால், காப்பகத்தின் சேர்க்கைகள் இல்லாத மூலப் பக்கம் இறங்கும். பின்னூட்டங்கள் கிடைப்பது அரிது. 2004 மே வரை பிளாகர் என்ற வலைப்பதிவுச் சேவையில் சொந்தப் பின்னூட்ட வசதி கிடையாது. பலர் ஹாலோஸ்கேன் போன்ற வெளிச்சேவையை ஒட்டியிருந்தார்கள், அதுவும் பின்னர் மூடப்பட்டது.

மாற்றிய உரையை யூடிஎஃப்-8 வெற்றுரையாகச் சேமித்து, மூலக் கோப்பையும் அதோடு சேர்த்து வையுங்கள். உரையின் முதல் வரியிலேயே எழுதிய தேதி, பழைய முகவரி, மூலக் குறியாக்கம் மூன்றையும் எழுதிவிடுங்கள். கோப்பின் தேதியை நம்பாதீர்கள், நகலெடுக்கும்போதும் பதிவேற்றும்போதும் அது மாறிவிடும்.