எட்டு போடாம லைசென்ஸ் தர்றதில்ல, வகுப்பு எடுக்காம வாத்தியார் வேலை மட்டும் தர்றோம்

"அக்கா, நெட் எழுதட்டுமா, பிஎச்டி போகட்டுமா, எது சேஃப்?"னு பிஜி முடிக்கிற பிள்ளைங்க கேக்கறாங்க. நெட்னா காலேஜ் வாத்தியார் வேலைக்கான தேசிய தகுதித் தேர்வு, பிஎச்டின்னா ஆராய்ச்சிப் பட்டம். சேலத்துல எங்க ஏரியால மட்டும் இல்ல, ஆத்தூர், ஓமலூர், மேச்சேரின்னு எந்தப் பக்கம் போனாலும் இதே கேள்விதான். கல்லூரி வாத்தியார் ஆகணும்னா என்ன படிக்கணும்னு ஒரு பிள்ளைக்கு தெளிவா சொல்ல முடியாத நெலமைல நம்மள வச்சிருக்காங்க. யுனிவர்சிட்டி, காலேஜ்களுக்கு விதி போடற மத்திய அமைப்பு யுஜிசி, அதோட 2018 விதில 2021 ஜூலைல இருந்து யுனிவர்சிட்டி உதவிப் பேராசிரியர் வேலைக்கு பிஎச்டி கட்டாயம்னு போட்டாங்க. அத நம்பி எத்தன பேரு பார்த்துட்டு இருந்த வேலைய விட்டுட்டு ஃபுல் டைம் பிஎச்டில சேந்தாங்க தெரியுமா. அப்புறம் கொரோனா, 2023 ஜூலை வரைக்கும் தள்ளி வச்சாங்க. அந்த 2023 ஜூலை வந்ததும் பிஎச்டி கட்டாயம் இல்ல, நெட் இல்லன்னா செட் இல்லன்னா ஸ்லெட் போதும்னு மாத்திட்டாங்க (செட், ஸ்லெட் ரெண்டும் மாநில அளவு தகுதித் தேர்வு). பிஜிக்கும் பிஎச்டிக்கும் நடுவுல இருந்த எம்ஃபில் படிச்சவங்க கதை இன்னும் மோசம், ஒரு காலத்துல எம்ஃபில் இருந்தா நெட் வேண்டாம்னு இருந்துச்சு, 2009ல அத எடுத்தாங்க, கோர்ட்டுக்கு போனவங்களுக்கும் 2015ல உச்ச நீதிமன்றம் யுஜிசி பக்கம்தான் தீர்ப்பு சொல்லுச்சு, கடைசில 2022ல எம்ஃபில் படிப்பையே நிறுத்திட்டாங்க.

இத்தன தடவ விதிய மாத்தறாங்களே, 2018ல இருந்து வந்த எந்த மாத்தத்துலயாவது "இந்த ஆளுக்கு பாடம் நடத்தத் தெரியுமா"ன்னு ஒரு கேள்வி கட்டாயமா உள்ள வந்துச்சான்னு பாருங்க. அதுதான் என் ஆதங்கம், இந்த பதிவே அதுக்குத்தான்.

மொதல்லயே சொல்லிடறேன், நான் நெட்டுக்கு எதிரி இல்ல, பிஎச்டிக்கும் எதிரி இல்ல. தகுதிய கொறைங்கன்னு ஒரு வார்த்தை கூட சொல்ல மாட்டேன். எங்க ஊரு பிள்ளைங்களுக்கு நல்லா படிச்ச வாத்தியார்தான் வேணும், பாடம் தெரியாதவங்க அன்பா இருந்து மட்டும் ஒண்ணும் ஆகப்போறதில்ல. ஆனா பாடம் தெரியறது வேற, அத எதிர்ல உக்காந்திருக்கறவனுக்கு புரிய வைக்கறது வேற. அஞ்சாங்கிளாஸ் நடத்தணும்னா ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ வேணும், டெட்ங்கற ஆசிரியர் தகுதித் தேர்வு பாஸ் பண்ணணும். பத்தாங்கிளாஸ் நடத்தணும்னா பி.எட் வேணும், ட்ரெயினிங்னு ஒரு ஸ்கூலுக்கு போயி பின்னாடி ஒருத்தர் உக்காந்து பாக்க பாடம் எடுக்கணும். காலேஜ்ல எம்.ஏ. பிள்ளைங்களுக்கு நடத்த பாடம் நடத்துற பயிற்சின்னு எதுவுமே வேண்டாம். பதினேழு வயசுல ப்ளஸ் டூ முடிச்சு வர்ற பிள்ளைக்கு ஜூன் மாசம் காலேஜ் கேட்டுக்குள்ள கால வச்சதும் எல்லாம் தானா புரிய ஆரம்பிச்சிருமா என்ன. டூ வீலர் லைசென்ஸ் வாங்க ஆர்டிஓ ஆபீஸ் போனா எட்டு போட்டு காட்டணும், வண்டியப் பத்தி நூறு கேள்விக்கு பதில் எழுதுனாலும் எட்டு போடாம கையெழுத்து போட மாட்டாங்க.

நல்ல வாத்தியார்னா என்னன்னு ஒரு உதாரணம் சொல்றேன். நான் பொருளாதாரம் படிச்சவ. எங்களுக்கு தேவை நெகிழ்ச்சி நடத்துன மேடம் அன்னிக்கு போர்டு பக்கமே போகல. "உப்பு பாக்கெட்டு அஞ்சு ரூபா ஏறிப்போச்சு, உங்க வீட்ல உப்ப கொறைச்சு போடுவாங்களா?"ன்னு கேட்டாங்க. இல்ல மேடம்னோம். "சரி, மல்கோவா கிலோவுக்கு அம்பது ரூபா ஏறிடுச்சு, அப்ப?" பின் பெஞ்சுல இருந்து ஒரு பொண்ணு "செந்தூரா வாங்கிட்டு போயிருவோம் மேடம்"னா. கிளாஸே சிரிச்சுச்சு. அப்பதான் சாக்பீஸ எடுத்தாங்க, உப்புக்கு செங்குத்தா ஒரு கோடு, மல்கோவாவுக்கு படுத்த மாதிரி ஒரு கோடு. அதுக்கப்புறம்தான் விலை எத்தன சதவீதம் மாறுச்சு, வாங்குற அளவு எத்தன சதவீதம் மாறுச்சுங்கற சூத்திரம். செவ்வாய்ப்பேட்டைல அப்பா கொலுசுப் பட்டறைல வேலை பாக்கற பொண்ணு ஒருத்தி எந்திரிச்சு, வெள்ளி விலை ஏறுனா எங்கப்பாவுக்கு ஆர்டர் கொறையுதே அது இதுதானா மேடம்னு கேட்டா. அந்த ஒரு மணி நேரத்துல நடந்தத எந்த மார்க் ஷீட்ல போடுவீங்க சொல்லுங்க.

அதே பாடத்த வேற ஒருத்தர் எடுத்தும் பாத்திருக்கேன். நெட்ல மேல வந்து ஜேஆர்எஃப்ங்கற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்குனவரு, நெஜமாவே அறிவாளி, கேட்டா எந்த புக்ல எந்த சாப்டர்னு சொல்வாரு. ஆனா பிபிடிய போட்டு இங்கிலீஷ்ல இருக்கறத அப்படியே வாசிப்பாரு. முன்னாடி ஏற்காடு மலைல இருந்து வந்த பையன் ஒருத்தன், உண்டு உறைவிடப் பள்ளில தமிழ்ல படிச்சு வந்தவன், ஸ்லைடு மாறுறதுக்குள்ள எழுத்துக்கூட்டி எழுதிட்டு இருப்பான். பாதி எழுதறதுக்குள்ள அடுத்த ஸ்லைடு. அவன் நோட்டுல பாத்தா எல்லாம் பாதிப் பாதி வாக்கியம். அவங்க குடும்பத்துல காலேஜ் வந்த மொத ஆளு அவன். வீட்ல போய் கேக்க ஆள் இல்ல, டியூஷனுக்கு காசு இல்ல, அவனுக்கு படிப்புன்னா அந்த கிளாஸ்ரூம் மட்டும்தான். அந்த சார் மேலயும் எனக்கு கோவம் இல்ல, அவருக்கு பாடம் நடத்த யாரு சொல்லிக் குடுத்தாங்க, வேலைக்கு எடுக்கறப்ப எவன் உக்காந்து பாத்தான்?

இதுல கொடுமை என்னன்னா, இது ஒரு காலத்துல விதில இருந்துச்சு. 2010 யுஜிசி விதில உதவிப் பேராசிரியர் தேர்வுக்கு மார்க்க எப்படி பிரிச்சிருந்தாங்கன்னா, படிப்பு ஆராய்ச்சி எல்லாம் சேத்து 50 சதவீதம், பாட அறிவும் கற்பிக்கற திறமையும் 30 சதவீதம், இன்டர்வியூ 20 சதவீதம். அந்த முப்பது எத்தன எடத்துல ஒழுங்கா நடந்துச்சுங்கறது வேற விஷயம், ஆனா பேப்பர்லயாவது இருந்துச்சு. 2018 விதில யுனிவர்சிட்டிக்கு இன்டர்வியூ கூப்பிட ஒரு மார்க் டேபிள் இருக்கு, எடுத்து பாருங்க. டிகிரி மார்க்குக்கு 15 வரைக்கும், பிஜிக்கு 25 வரைக்கும், பிஎச்டிக்கு 30, ஜேஆர்எஃப்னா 7, வெறும் நெட்னா 5, கட்டுரைக்கு 10, வேலை அனுபவத்துக்கு வருசத்துக்கு ரெண்டுன்னு 10. அனுபவம்னு இருக்கேன்னு கேப்பீங்க. அது எத்தன வருசம்னு எண்றதுதான், அந்த வருசத்துல என்ன நடத்துனீங்கன்னு பாக்கறது இல்ல. நம்ம மாநில ஆசிரியர் தேர்வு வாரியம் டிஆர்பியோட பழைய முறையும் இப்படித்தான், மொத்தம் 34 மார்க், அனுபவத்துக்கு 15, படிப்புக்கு 9, இன்டர்வியூக்கு 10. அங்கயும் கிளாஸ் எடுத்து காட்டுன்னு தனியா ஒரு மார்க் கெடையாது.

நெட்டுக்கு வருவோம். நூத்தம்பது கேள்வி, மூணு மணி நேரம், எல்லாமே நாலுல ஒண்ண டிக் பண்றது. மொத பேப்பர்ல "கற்பித்தல் திறன்"னு ஒரு பகுதி இருக்கு, அதுவும் டிக் பண்றதுதான். எழுதறவங்கள்ல ஆறு சதவீதம் பேருதான் தேறுவாங்க, அதனால அத பாஸ் பண்ணவங்க மேல எனக்கு பெரிய மரியாதை உண்டு. ஆனா ஒரு விஷயம் மனச அறுக்குது. மொழிப் பாடங்கள விட்டுட்டா கேள்வித்தாள் இங்கிலீஷ்லயும் ஹிந்திலயும்தான். ஹிந்தி மீடியத்துல எம்.ஏ. படிச்சவன் அவன் மொழில கேள்விய படிக்கறான். நம்ம கவர்மெண்ட் காலேஜ்ல தமிழ் மீடியத்துல எம்.ஏ. வரலாறு, எம்.ஏ. பொருளாதாரம் படிச்ச பொண்ணு மொதல்ல கேள்விய மொழிபெயர்க்கணும், அப்புறம் பதில யோசிக்கணும், ரெண்டுக்கும் ஒரே டைம். இத தகுதித் தேர்வுன்னு எப்படி ஒத்துக்கறது? போதாததுக்கு 2024 ஜூன் 18 அன்னிக்கு ஒம்போது லட்சம் பேருக்கு மேல எழுதிட்டு வந்தாங்க, மறுநாளே கேன்சல்னாங்க. கைக்குழந்தைய அம்மா வீட்ல விட்டுட்டு போயி எழுதுன பொண்ணு எனக்கு போன் பண்ணி அழுதா, திரும்ப அதே மூச்சுல எப்படிக்கா படிக்கறதுன்னு. என்ன சொல்ல.

பிஎச்டி பக்கம் நெலமைய சொல்லவே வேண்டாம், உள்ள இருக்கறவங்களுக்கு தெரியும். நேர்மையா அஞ்சாறு வருசம் ஊர் ஊரா போயி சர்வே எடுத்து, கைடு பின்னாடி அலைஞ்சு, சினாப்சிஸ் குடுத்து, வைவாக்கு காத்திருந்து முடிக்கறவங்க இருக்காங்க. இளம்பிள்ளைல வீடு வீடா தறிக்காரங்கள்ட்ட போயி கடன் எவ்ளோ, கூலி எவ்ளோன்னு கேட்டு எழுதுன பொண்ணு எனக்கு தெரியும், அவ தீசிஸ படிச்சா இளம்பிள்ளையே கண்ணு முன்னாடி வரும். இன்னொரு பக்கம் காசு குடுத்தா தீசிஸ் எழுதித் தர்ற ஆளுங்க இருக்காங்க, காசு கட்டுனா ஒரே வாரத்துல கட்டுரை போடற ஜர்னல் இருக்கு. டேபிள்ல ரெண்டு பேருக்கும் அதே 30 மார்க். ரெண்டு பேரையும் ஒரு கிளாஸ்ல நிக்க வச்சு "உங்க ஆராய்ச்சிய செகண்ட் இயர் பிள்ளைங்களுக்கு புரியற மாதிரி சொல்லுங்க"ன்னு இருபது நிமிசம் குடுங்க, யாரு எழுதுனது யாரு எழுத வச்சதுன்னு அங்கயே தெரிஞ்சிரும்.

இதெல்லாம் கவர்மெண்ட் வேலைக்கு. செல்ஃப் ஃபைனான்ஸ் தனியார் காலேஜ்கள்ல தகுதிங்கற பேச்சே வேற. பேர் சொல்ல விரும்பல, நான் வேலை பாத்த ஒரு காலேஜ்ல இன்ஸ்பெக்‌ஷன் வர்ற அன்னிக்கு மட்டும் பிஎச்டி முடிச்ச ஆளுங்க ஸ்டாஃப் ரூம்ல வந்து உக்காருவாங்க, நாங்க அதுக்கு முன்னாடி அவங்கள பாத்தது கூட கெடையாது. ஒரிஜினல் சர்டிபிகேட்ட வாங்கி வச்சுக்குவாங்க. மே மாசம் பாடம் கெடையாது, அட்மிஷன் கேன்வாசிங், நெட் பாஸ் பண்ண பொண்ணுங்க வெயில்ல ஊர் ஊரா போயி ப்ளஸ் டூ முடிச்ச பிள்ளைங்க வீட்டுக் கதவ தட்டணும், இத்தன சீட் புடிச்சாத்தான் சம்பளம்னு. சம்பளம் பன்னண்டாயிரம், பதினஞ்சாயிரம். இதே தகுதிக்கு கவர்மெண்ட் காலேஜ்ல நிரந்தர வேலைன்னா ஆரம்ப அடிப்படைச் சம்பளமே 57,700. தகுதிய மட்டும் யுஜிசி சொல்லுது, அந்த தகுதிக்கு உண்டான சம்பளத்த வாங்கித் தர யாரும் வர்றதில்ல.

நடுவுல மாட்டிக்கிட்டவங்க கௌரவ விரிவுரையாளர்ங்க, அதாவது நிரந்தரம் இல்லாம நடத்துற கெஸ்ட் லெக்சரருங்க. கவர்மெண்ட் காலேஜ்கள்ல பாதி பாடத்த இவங்கதான் தாங்கறாங்கன்னு உள்ள இருக்கற யார கேட்டாலும் சொல்வாங்க. யுஜிசியே 2019ல கெஸ்ட் லெக்சரருக்கு ஒரு வகுப்புக்கு 1,500, மாசம் அதிகபட்சம் 50,000ன்னு சொல்லிருச்சு. இங்க 25,000, அதுவும் மே மாசத்துக்கு கெடையாது. நெட்டு, பிஎச்டி ரெண்டும் வச்சுக்கிட்டு பத்து வருசம், பன்னண்டு வருசம் நடத்துனவங்க இருக்காங்க. டிஆர்பி 2019ல 2,331 இடத்துக்கு அறிவிச்சுச்சு, அது நடக்கல. 2024 மார்ச்ல 4,000 இடம்னாங்க, ஆகஸ்ட் பரீட்சைய தள்ளி வச்சாங்க, திரும்ப 2025 அக்டோபர்ல 2,708னு புது அறிவிப்பு வந்துச்சு. ஒவ்வொரு அறிவிப்புக்கும் ஃபீஸ் கட்டி, லீவு போட்டு, கோச்சிங் போயி, அதுக்குள்ள தலை நரைச்சுப் போனவங்கள நான் தினமும் பஸ்ல பாக்கறேன்.

2025 ஜனவரில யுஜிசி வெளியிட்ட வரைவப் பத்தியும் ஒரு வார்த்தை. துணைவேந்தர் நியமனத்துல மாநிலத்தோட கைய எடுக்கறாங்கன்னு நம்ம சட்டமன்றம் அதுக்கு எதிரா தீர்மானம் போட்டுச்சு, அது சரியான தீர்மானம்தான். ஆனா அந்த சத்தத்துல இன்னொரு விஷயம் யாரும் பேசல. டிகிரியும் பிஜியும் ஒரு பாடத்துல படிச்சுட்டு நெட்ட வேற பாடத்துல பாஸ் பண்ணா அந்த வேற பாடத்தையே நடத்தலாம்னு அதுல இருந்துச்சு. நாலுல ஒண்ண டிக் பண்ணத வச்சு, அஞ்சு வருசம் படிக்காத பாடத்த நடத்த விடறதா? குறைஞ்சபட்சம் அந்த ஆள ஒரு வகுப்பாவது எடுக்க வச்சு பாருங்கப்பா.

வேலைக்கு எடுக்கறப்ப பாடம் நடத்தி காட்டச் சொல்ற டெமோ கிளாஸ் வச்சா அங்கயும் சிபாரிசு, சாதி, காசு எல்லாம் புகுந்துரும்னு சொல்வாங்க. நியாயமான பயம்தான், நம்ம ஊர்ல இன்டர்வியூன்னாலே ஜனங்க வயித்த புடிச்சுக்கறதுக்கு காரணம் இருக்கு. அதுக்குத்தான் சொல்றேன், மூடுன ரூமுக்குள்ள நாலு பேரு முன்னாடி வேண்டாம். தலைப்ப மொத நாள் சாயங்காலம் குலுக்கிப் போட்டு குடுங்க. மறுநாள் வேற காலேஜ் பிள்ளைங்க நாப்பது பேர உக்கார வச்சு, இருபத்தஞ்சு நிமிசம் நடத்தட்டும், தமிழ் மீடியம் பிள்ளைங்க கட்டாயம் அதுல இருக்கணும். முழுசா வீடியோ எடுங்க. மார்க் போடறவங்க வேற மாவட்டத்துல இருந்து அந்த வீடியோவ பாத்து, பேரு தெரியாம, நம்பர் மட்டும் வச்சு போடட்டும். மார்க்கோட சேத்து வீடியோவையும் வெப்சைட்ல போடுங்க. எனக்கு ஏன் கொறைச்சல், அவனுக்கு ஏன் அதிகம்னு யார் வேணும்னாலும் பாத்துக்கலாம். நெட் சர்டிபிகேட்ட வச்சு ஒருத்தர் மேல கேஸ் போட முடியாது, ஆனா மோசமா நடத்துன கிளாஸுக்கு முழு மார்க் போட்டா ஊரே கேக்கும்.

ஆயிரக்கணக்கான பேருக்கு இத எப்படி நடத்தறதுன்னு கேக்காதீங்க. எல்லாருக்கும் வேண்டாம், எழுத்துத் தேர்வுல தேறி ஒரு இடத்துக்கு ரெண்டு பேருன்னு இன்டர்வியூ லிஸ்ட்ல வர்றவங்களுக்கு மட்டும் வைங்க. ஏற்கனவே நடத்திட்டு இருக்கற கௌரவ விரிவுரையாளருக்கு தனியா மேடை கூட போட வேண்டாம், அவங்க கிளாஸுக்கே வந்து பின் பெஞ்சுல உக்காந்து பாருங்க, அந்த டிபார்ட்மெண்ட்ல படிச்சு முடிச்சு வெளிய போன பிள்ளைங்கள கேளுங்க. அந்த மார்க்க தேர்வுப் பட்டியல்ல 30 சதவீதமா சேருங்க. 2010ல யுஜிசியே எழுதி வச்ச அளவுதான் கேக்கறேன்.